வேறு யாரும் கேட்கிறார்களா

என் மகள் லக்ரோஸ் விளையாடுகிறாள் என்று எங்கள் தமிழ் ஆட்களிடம் சொன்னால் முதலில் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு, "அதென்ன, ஹொக்கி மாதிரியோ?" என்பார்கள். ஹொக்கி மாதிரி இல்லை. நீளத் தடி, அதன் நுனியில் ஒரு சின்ன வலைப் பை. அதில் ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓட வேண்டும், எறிய வேண்டும், எதிரியிடமிருந்து தட்டிப் பறிக்க வேண்டும். முதல் நாள் பார்த்தபோது, மாங்காய் பறிக்கிற தடிகளோடு ஒரு கூட்டம் பெண்பிள்ளைகள் சண்டை பிடிப்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. மெல்பேர்னில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்கு இந்த விளையாட்டு தெரியாது. எங்கள் வீட்டுக்கு அது எப்படி வழி கண்டுபிடித்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு கிளப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து தடிகளைக் கையில் கொடுத்து ஓடவிட்டிருக்கிறார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவள், நெட்போல் வேண்டாம், பரதநாட்டியம் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று நின்றாள். மற்றவர்களின் பிள்ளைகள் கணக்கு ரியூஷனுக்குப் போன சனிக்கிழமைகளில் நான் எங்கள் வீடு இருக்கிற ட்ருகனினாவிலிருந்து நகரத்தின் மறு அந்தத்துக்குக் கார் ஓட்டினேன். எனக்குப் பொறுமை குறைவு. வெஸ்ட் கேட் பாலத்தில் கார்கள் ஊர்ந்தால் வாய் தானாக ஏசத் தொடங்கிவிடும். பின் இருக்கையில் மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒரு தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் கராஜ் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடிப்பாள். அதுதான் இந்த விளையாட்டின் அரிச்சுவடி. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து மரியாதையாகவும், மூன்றாம் தடவை மரியாதை இல்லாமலும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பண்டகசாலைகள் இருக்கிற பக்கம் கூட்டிப்போவேன். லொறிகள் இல்லாத நாளில் அந்தப் பெரிய கொங்கிறீற் சுவர்கள் எங்களுக்கு மட்டும் சொந்தமாக இருக்கும். தவறிப்போன பந்துகளை நான் ஓடி ஓடிப் பொறுக்கினேன். மனைவி காருக்குள் இருந்து மேற்பார்வை செய்வாள். இடது கையால் ஒரு வாய் சோறு எடுத்தால் ஏசுகிறவள், "இடக்கையாலை எறி பிள்ளை, இடக்கைக்குப் பழக்கம் காணாது" என்று கண்ணாடியை இறக்கிக் கத்துவாள். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் மூன்று பேருக்குள்ளும் அப்போது மறைப்பு என்று ஒன்றும் இருக்கவில்லை.

பதினைந்து வயதில் கிளப் பயிற்சியாளர் அவளை முன்வரிசையிலிருந்து எடுத்துத் தற்காப்பில் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோல் அடிக்கிறவளைத்தானே உலகம் பார்க்கும்? பின்னுக்கு நின்று மற்றவர்களை மறிக்கிற பிள்ளையை யார் பார்ப்பார்கள்? நேரே போய்க் கேட்டேன். அவர் பிளம்பர் வேலை செய்கிற மனிதர். நீட்டி முழக்கிப் பேசத் தெரியாது. "பந்தைப் பார்க்காதே, இன்று முழுக்க அவளுடைய கால்களை மட்டும் பார்" என்றார். பார்த்தேன். எதிரணிப் பிள்ளை பந்தை எறிவதற்கு முன்பே, அது எங்கே போகும் என்று மகளின் கால்கள் திரும்பிவிட்டிருந்தன. அன்றைக்குத்தான் எனக்கு விளையாட்டு விளங்கியது. அவளிடம் பெரிய வேகம் இல்லை. அடுத்தவரின் எண்ணம் அவளுக்கு முந்திக்கொண்டு தெரிந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு மாநில இளையோர் அணியில் எடுத்தார்கள். என் மனது நிறைந்து போயிற்று.

அமெரிக்கா பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்கியது. அங்கே கல்லூரிகளுக்குப் பெரிய லக்ரோஸ் அணிகள் இருக்கின்றன. நல்ல விளையாட்டுக்காரிகளைப் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே தேடிப் பிடித்து இடம் கொடுப்பார்கள். முன்பெல்லாம் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கே இடம் பேசி வைத்தார்களாம். பல்லுக் கம்பி கழற்றாத பிள்ளைக்குக் கல்லூரி முடிவாகிவிட்டது என்று ஆட்கள் சத்தம் போட்ட பிறகு விதி மாறியது. இப்போது பள்ளிக்கூடத்தின் கடைசிக்கு முந்தைய ஆண்டு வரும்வரை பயிற்சியாளர்கள் பிள்ளையோடு பேசக் கூடாது. பேசலாம் என்ற நாள் வந்ததும் எல்லாரும் ஒன்றாகப் பாய்வார்கள். பிறகு நடப்பதெல்லாம் வாய்ப்பேச்சு. உனக்கு ஓர் இடம் இருக்கிறது என்பார்கள், சரி என்று பிள்ளை சொல்ல வேண்டும். கையெழுத்து எல்லாம் பின்னால்தான். எனக்கு இது நன்றாகப் பழகிய விஷயமாகப் பட்டது. "இது எங்கடை கலியாணப் பேச்சுக்கால் மாதிரித்தான்" என்று மனைவிக்குச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். எங்கள் பிழை அந்த இடத்தில்தான் முளைவிட்டது என்று இப்போது தெரிகிறது.

கலியாணம் பேசும்போது எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஓர் இடத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது இன்னோர் இடமும் பார்க்கிறோம் என்று வாய் திறக்க மாட்டோம். அப்படிச் சொல்வது மற்றப் பகுதியை அவமதிப்பது. முற்றாகும்வரை உறவுக்காரருக்கும் சொல்வதில்லை. நாவூறு பட்டுவிடும், ஆட்களின் வாய்பட்டே காரியம் கெட்டுவிடும் என்பார்கள். என் மனைவி அந்தப் பயத்தை வெறும் பழக்கமாக வைத்திருக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவள் முதல் முறை கர்ப்பமானபோது, சந்தோஷத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். பிள்ளை தங்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து, எப்படி இருக்கிறாய், என்ன மாதம் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதனால் விசா முடிவுக்குக் காத்திருந்த ஆண்டுகளில் நாங்கள் வாய் திறக்கவில்லை. விசாரணை எப்போது என்று பக்கத்து அறையில் இருந்த சிநேகிதனுக்கே நான் சொன்னதில்லை. விசா கிடைத்தது, மகள் பிறந்தாள், வீடு வாங்கினோம். எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததால் கைகூடியவை என்றுதான் மனைவி நம்பினாள். அவளோடு வாழ்ந்து நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

பதினோராம் வகுப்பில், அந்த நாள் வந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஒரு பெண் பயிற்சியாளர் எழுதினார். மகளின் விளையாட்டு வீடியோவை முழுக்கப் பார்த்திருக்கிறார். கோல் அடித்த துண்டுகளை அனுப்புகிற பிள்ளைகள்தான் அதிகம், நீ மறித்து நின்ற முழு ஆட்டத்தையும் அனுப்பியிருக்கிறாய், அதுதான் பிடித்தது என்று எழுதியிருந்தார். மகள் அந்த வரியை எங்களுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். வேறு இரண்டு கல்லூரிகளும் எழுதின. ஆனால் அவளுக்கு இந்த இடம்தான். அந்த அணியின் ஆட்டங்களை அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பார்த்து வருகிறாள். யார் எந்தக் கையால் பிடிப்பாள் என்பதுவரை சொல்லுவாள்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை பிள்ளை" என்றாள் மனைவி. "சரிவந்தாப் பிறகு ஊருக்கே சொல்லலாம்."

"டீமில இருக்கிற பிள்ளையளுக்கும் சொல்லக் கூடாதோ?"

"ஒருத்தருக்கும் எண்டால் ஒருத்தருக்கும்தான்."

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா சொல்லுறதைக் கேள்" என்றேன்.

மற்ற இரண்டு கல்லூரிகளுக்கும் என்ன பதில் எழுதுவது என்று மகள் கேட்டாள். ஒன்று முடியட்டும், அதன் பிறகு பார்க்கலாம் என்றோம். ஒரே நேரத்தில் மூன்று இடத்தோடு கதைப்பது எங்களுக்கு நல்ல பழக்கமாகப் படவில்லை.

பயிற்சியாளர் வீடியோவில் அழைத்தது ஒரு சனிக்கிழமை காலை. அங்கே வெள்ளி பின்னேரம். மகள் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, தலையை இழுத்துக் கட்டி, மாநில அணி மேற்சட்டையோடு இருந்தாள். நானும் மனைவியும் திரைக்குள் தெரியாதபடி குசினிப் பக்கத்தில் இரண்டு கதிரைகளில் இருந்தோம். அந்தப் பயிற்சியாளர் கலகலவென்று பேசினார். படிப்பைப் பற்றிக் கேட்டார், மகளின் காலடி வைப்பைப் பற்றிச் சொன்னார். பிறகு, போகிற போக்கில் கேட்பது போல, "வேறு யாரும் உன்னைக் கேட்கிறார்களா?" என்றார்.

மகள் கதிரையில் நிமிர்ந்தாள். "இல்லை, நீங்கள் மட்டும்தான்" என்றாள் ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு.

மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்தாலும் எங்கள் பிள்ளை எங்கள் பிள்ளைதான், எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று தெரிகிறது என்று நினைத்தேன். அழைப்பு முடிந்ததும் மனைவி பால் காய்ச்சித் தேத்தண்ணி போட்டாள். பயிற்சியாளர் போகும்போது, "நல்லது, அவசரம் இல்லை, ஆறுதலாக யோசி" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு எவ்வளவு நல்ல மனுசி என்று நாங்கள் மெச்சினோம்.

அவசரம் இல்லை என்ற அந்தச் சொல் வாரங்களாக நீண்டது. மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பு தொலைபேசியைப் பார்ப்பாள், வந்த பிறகும் பார்ப்பாள். நாங்களாகக் கேட்டு எழுதுவது இடித்துக் கேட்பது போல இருக்கும் என்று நான் தடுத்தேன். பெண் வீட்டார் ஓடிப்போய்க் கேட்பதா என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று ஒன்றும் இல்லை என்பது என் மண்டைக்கு ஏறவில்லை.

மறுபடி அவர் அழைத்தபோது நாங்கள் அதே கதிரைகளில் இருந்தோம். இந்த முறை அவர் கலகலவென்று பேசவில்லை. நேர்மையான மனுசி என்பதை இன்றும் சொல்வேன். எழுத்தில் அனுப்பிவிட்டு ஒதுங்காமல் தானே முகம் பார்த்துச் சொன்னார். தற்காப்புக்கு அந்த ஆண்டு அவர்களிடம் ஓர் இடம்தான் மிஞ்சியிருந்ததாம். இன்னொரு பிள்ளை, வேறு கல்லூரி தன்னிடம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அவளை இழக்க விருப்பமில்லாமல் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். "உன்னிடம் வேறு யாரும் பேசவில்லை என்றாயே, அதனால் உனக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தோம்" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். என் மகள் அவருக்கு ஆறுதல் சொன்னாள். பரவாயில்லை, நீங்கள் அழைத்ததற்கு நன்றி என்றாள். கணினியை மூடிய பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தடியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர் அன்று வரவில்லை. அவள் நிறுத்தும்வரை நாங்கள் இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே இருந்தோம்.

மற்ற இரண்டு கல்லூரிகளுக்கும் ஓடி ஓடி எழுதினோம். ஒன்று பதில் போடவில்லை. மற்றது, உங்களிடமிருந்து பதில் வராததால் விருப்பமில்லை என்று நினைத்து இடத்தை நிரப்பிவிட்டோம் என்றது.

அடுத்த ஆட்டத்தில், அதே அணியில் விளையாடுகிற ஒரு பிள்ளையின் தாய் என் பக்கத்தில் வந்து நின்றாள். வெள்ளைக்காரி, நல்ல மனம், பெரிய குரல். தன் மகளுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்த கதையை மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னாள். ஒருவர் கேட்கிறார் என்று அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், அவர் கேட்கிறார் என்று மூன்றாமவருக்குச் சொல்ல வேண்டும், அப்போதுதான் எல்லாரும் ஓடி வருவார்கள், இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றாள். "உங்கள் மகளை யாரும் கேட்கவில்லையா? என்னால் நம்பவே முடியவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் உதவி செய்திருப்போமே" என்றாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கேட்டார்கள், மூன்று இடம் கேட்டார்கள் என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது.

அன்று காரில் அந்த ஆத்திரத்தையெல்லாம் மனைவி மேல் கொட்டினேன். நீரும் உம்முடைய நாவூறும் என்றேன்.  அவள் வெளியே பார்த்தபடி அழுதாள். பின் இருக்கையிலிருந்து மகள்தான் சொன்னாள்: "அம்மாவை ஏசாதேங்கோ அப்பா. நான்தானே 'நோ' எண்டு சொன்னனான்."  மகள் என்மேல் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் முடிந்து அவள் சிட்னியில் படிக்கப் போனாள். மெல்பேர்னில் அதே படிப்பு இருந்தது. ஏன் சிட்னி என்று நாங்கள் கேட்கவில்லை. ஹோம்புஷில் ஒரு மாடி வீட்டில், கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த ஒரு பிள்ளையோடு இருந்தாள். அங்கேயும் ஒரு கிளப்பில் சேர்ந்து விளையாடினாள். வாரம் தவறாமல் அழைப்பாள். சாப்பிட்டியா, ஓம். படிப்பு எப்படி, ஓகே. விளையாட்டு, குட். குறை சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளை.

போன குளிர்காலத்தில் ஒரு பின்னேரம், வழக்கமில்லாத நேரத்தில் அழைப்பு வந்தது. "அப்பா, பயப்பிடாதேங்கோ. முழங்காலில ஒப்பரேசன் முடிஞ்சுது. எல்லாம் நல்லாப் போச்சுது. வீட்டுக்கு வந்திட்டன்."

 எப்போது அடிபட்டது என்று கேட்டேன். போன மாதம் என்றாள். அந்த மாதம் முழுக்க வாரம் தவறாமல் அவள் எங்களோடு பேசியிருக்கிறாள். விளையாட்டு எப்படி என்று நான் கேட்டிருக்கிறேன். குட் என்றுதான் சொன்னாள்.

மறுநாள் காலை விமானத்தில் போனோம். மனைவி இரவு முழுக்க நின்று சமைத்து, மீன்குழம்பும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு வந்தாள். மகள் சோபாவில், தொடையிலிருந்து கணுக்கால்வரை இறுக்கிய பட்டிகளோடு, காலைத் தலையணைகள் மேல் தூக்கி வைத்திருந்தாள். மெலிந்திருந்தாள். மனைவி அவளுடைய தலையைத் தடவிவிட்டு, முதல் வேலையாகக் கறியை வைக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். வைக்க இடம் இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக டப்பாக்கள். பாஸ்தா, சூப், கோழி, யாரோ செய்த கேக்.

"இதெல்லாம் ஆர் தந்தது?" என்று கேட்டாள்.

கூட இருக்கிற பிள்ளைதான் பதில் சொன்னாள். "டீம்ல இருக்கறவங்க ஆன்ட்டி. ஆளுக்கு ஒரு நாள்னு பிரிச்சுக்கிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அவங்க கோச். அடிபட்ட அன்னிக்கே இவ எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டாளே. என் கிளாஸ்ல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியும்." எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. "நான் கடைக்குப் போயிட்டு வர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மனைவி பாத்திரங்களைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?" என்று மகளைக் கேட்டேன். கோபப்படக் கூடாது என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் அங்கே கோபம் வரவே இல்லை. பயம்தான் வந்தது.

அவள் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "நல்லபடியா முடியட்டும் எண்டு இருந்தனான் அப்பா. நடுவில சொன்னா அம்மாவுக்குப் பிடிக்காதுதானே."

எல்லாருக்கும் சொல்ல அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒன்று வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்கவும், நொந்தால் நொந்தது என்று சொல்லவும், நாங்கள் சொல்லிக் கொடுக்காததையெல்லாம் யார் யாரிடமிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறாள். அது எனக்குச் சந்தோஷம்தான். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கற்றுக் கொடுத்ததை எங்களுக்கென்று மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள். அமெரிக்கா கைவிட்டுப் போனது போகட்டும். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு மாதம் என் பிள்ளை நொண்டி நொண்டி நடந்திருக்கிறாள், அது தெரியாத ஆட்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பது எனக்குத் தாங்கவில்லை.

மகளுக்குப் பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இனி என்ன நடந்தாலும் உடனே எங்களுக்குச் சொல்ல வேண்டும், நல்லதோ கெட்டதோ, முடிந்ததோ முடியாததோ சொல்ல வேண்டும் என்றேன். மனைவியும் வந்து மறுபக்கம் இருந்து, "ஓம் பிள்ளை, சொல்ல வேணும்" என்றாள். மகள் சரி என்றாள். மூன்று பேரும் கொஞ்சம் அழுதோம்.

அப்போது மனைவியின் தொலைபேசி அடித்தது. கனடாவில் இருக்கிற அவளுடைய அக்கா. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஓம் அக்கா, சிட்னியில நிக்கிறம். இல்லையில்லை, ஒண்டுமில்லை. பிள்ளையைப் பாத்துக் கன நாள், சும்மா வந்தனாங்கள். அவள் நல்லா இருக்கிறாள். இப்பதான் விளையாடப் போயிட்டாள்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய கையை விடாமல், யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.